நகரம் மண்ணுக்குப் பட்ட கடன்

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் நேயர்களில் சிலருக்கு அருவருப்பைத் தரக்கூடும். மலத்தையும் சாக்கடையையும் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று அவர்கள் கேட்கலாம். குடியானவனுடைய நிலத்தில் என்ன கொட்டப்படுகிறது, அதில் விளைந்ததை யார் உண்கிறார்கள் என்பவை ராஜீய விஷயங்கள் அல்லவென்றால் வேறு எவைதாம் ராஜீய விஷயங்கள்? ஆகையால், மூக்கைப் பொத்திக்கொண்டாவது முடிவுவரை படிக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்கிறோம்.

நம் தேசத்து நகரங்களில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. நீர் தெளிந்த பிறகு அடியில் தங்கும் கசட்டை என்ன செய்வது என்பது அவற்றை நடத்துவோரின் தலைவலி. அதை உரமாக்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது ஒரு கட்சி. அந்த விஷத்தை வயலில் சேர்க்கவே கூடாது என்பது மற்றொரு கட்சி. இரு திறத்தாரும் வயலின் வரப்பில் நின்றுகொண்டு வாதாடுகிறார்கள். வழக்கைச் சாக்கடையின் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். சாக்கடைக்குள் எது புகுகிறதோ அதுவே வயலுக்குள்ளும் புகும்.

முதலில் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். கிராமத்தில் விளைந்த நெல்லும் பருப்பும் காய்கறியும் வண்டி வண்டியாக நகரத்துக்கு வருகின்றன. மண்ணிலிருந்து அவை உறிஞ்சிக்கொண்டு வந்த சத்து நகரத்தாரின் உடலில் தங்கிவிடுவதில்லை. வளர்ந்த மனிதன் உண்ணும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறைய முழுவதும் மலமாகவும் மூத்திரமாகவும் வெளியே வந்துவிடுகிறது. ஐரோப்பிய உணவை வைத்துக் கணக்கிட்டவர்கள், ஒருவரிடமிருந்து வருஷத்துக்குச் சுமார் நாலரை கிலோ தழைச்சத்தும் அரைக் கிலோ மணிச்சத்தும் வெளிவருவதாகச் சொல்லுகிறார்கள். நம்மவர் உணவு சற்று மெலிந்தது. கணக்கும் சற்றுக் குறையும். குறைத்தே வைத்துக்கொண்டாலும், லக்ஷம் பேர் வாழும் ஓர் ஊரிலிருந்து வருஷந்தோறும் நூற்றுக்கணக்கான டன் உரச்சத்து வெளியேறுகிறது. இது எங்கே போகிறது? ஆற்றுக்கும் ஏரிக்கும் கடலுக்கும் போகிறது. வயலில் நெல்லாகியிருக்க வேண்டியது ஏரியில் ஆகாயத்தாமரையாக மண்டுகிறது. மறுபுறம், சாம்பல் சத்து உரம் ஏறக்குறைய முழுவதையும், மணிச்சத்துக்கு வேண்டிய பாறையிலும் உரத்திலும் பெரும் பகுதியையும் நாம் அந்நிய தேசங்களிலிருந்து வாங்குகிறோம். உலகத்தில் அறியப்பட்டுள்ள மணிச்சத்துப் பாறை இருப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு மொராக்கோ என்னும் ஒரே தேசத்தின் கையில் இருக்கிறது. கையிலிருப்பதைக் கடலில் கொட்டிவிட்டுக் கடல் கடந்து கடன் வாங்கும் குடும்பம் உருப்படுமா?

இந்தக் கடனைத் திருப்பிச் செலுத்திய தேசங்கள் உண்டு. எஃப். எச். கிங் என்னும் அமெரிக்க மண்ணியல் நிபுணர் சீனா, கொரியா, ஜப்பான் தேசங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1911-இல் வெளிவந்தது. ஷாங்காய் நகரத்தில் அந்நியர் வசித்த பகுதியின் மலத்தை 1908-இல் ஒரு சீனக் காண்டிராக்டர் எடுத்துக்கொண்டதை அதில் குறித்திருக்கிறார். 78,000 டன் மலத்தை எடுத்துச் செல்லும் உரிமைக்காக அவர் நகரசபைக்குக் கொடுத்த தொகை 31,000 டாலர். நமது முனிசிபாலிடிகள் பணம் கொடுத்து அப்புறப்படுத்தும் சரக்குக்கு அங்கே பணம் கொடுத்துப் போட்டி! ஐரோப்பாவிலும் இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி லீபிக் கழிவை மண்ணுக்குத் திருப்ப வேண்டுமென்று இடைவிடாமல் வற்புறுத்தினார். பிரெஞ்சு ஆசிரியர் விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட தமது பெரிய நாவலில், கதையை நிறுத்திவிட்டுப் பாரீஸ் நகரம் சாக்கடை வழியே செல்வத்தைக் கொட்டுவதைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதிவிட்டார். கதையை மட்டும் தேடுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவது வழக்கம்.

நம் தேசத்துக்கும் இதில் பங்கு உண்டு. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயரும் யஷ்வந்த் வாட் என்னும் நம்மவரும் சேர்ந்து, பண்ணைக் கழிவுகளை எருவாக்கும் முறையை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார்கள். பெங்களூரில் சி. என். ஆசார்யா, ஊர்க் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகக் குழியில் இட்டு, மேலே மண் பூசி மூடி, ஆறு முதல் எட்டு மாதம் வரை மக்கவைக்கும் முறையை 1939-இல் கண்டார். இன்றும் அது பெங்களூர் முறை என்றே வழங்குகிறது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையிலேயே மலத்தை ஆழமற்ற குழியில் புதைத்து எருவாக்கும் வழக்கத்தை நடத்திக் காட்டினார். 1947 டிசம்பரில், தேசப் பிரிவினையின் ரணம் ஆறாத நாட்களில், மீராபென் முயற்சியால் டில்லியில் கம்போஸ்ட் மகாநாடு கூடிற்று. அதைப் பற்றியும் அவர் ஹரிஜன் பத்திரிகையில் எழுதத் தவறவில்லை. மதுரைக்கு அருகே அவனியாபுரத்தில் நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சிக் கால்நடைகளுக்குப் புல் வளர்த்த பண்ணையைப் பழைய மதுரைவாசிகள் அறிவார்கள். ஆகையால், மலத்தை எருவாக்குவது நமக்குப் புதிய பாடம் என்று எவரும் நினைக்க வேண்டாம்.

புதிது எதுவென்றால், இப்போது சாக்கடையில் மலம் மட்டும் வருவதில்லை.

1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் ஒரு முறையைக் கண்டார்கள். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி அழுக்கை உண்டு, பின்னர் கசடாகக் கீழே படிகின்றன. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர். இந்த முறையில் நீர் தெளிகிறது. ஆனால் நாள்தோறும் கசடு மிஞ்சுகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தார் அதை உலர்த்தி 1926 முதல் 'மிலோர்கனைட்' என்ற பெயரில் மூட்டை கட்டி விற்கத் தொடங்கினார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு தழைச்சத்து உள்ள அந்த உரம் இன்றும் விலையாகிறது. இத்தகைய உரத்தில் சாம்பல் சத்து மட்டும் இராது. அது நீரில் கரைந்து ஓடிவிடுகிறது. பிற அமெரிக்க நகரங்களில் சில, கசட்டைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டி வந்தன. 1988-இல் சட்டம் அதைத் தடுத்தது. கடலுக்குப் போகக்கூடாது என்றதும், வயலுக்குப் போகலாம் என்று 1993-இல் விதிகள் வகுத்தார்கள். 'கசடு' என்ற பெயர் காதுக்கு இனிமையாயில்லை என்று 'பயோசாலிட்ஸ்' என்ற புதுப் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. சரக்குக்குப் பெயர் மாறும்போது வாங்குகிறவன் சற்று விழித்துக்கொள்வது நல்லது.

கசட்டில் உள்ள தீமைகள் இரு வகைப்பட்டவை. அவற்றைக் குழப்பிக்கொள்வதினாலேயே வாதம் முடிவதில்லை. முதலாவது வகை நோய்க்கிருமியும் புழுவும். நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பச்சையாகத் தின்னும் கீரை வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குப் போய்விடும். ஆனால், காலமும் சூடும் இவற்றைக் கொன்றுவிடும். அமெரிக்க விதியின்படி, திறந்த வெளியில் குவித்து மக்கவைக்கும் கசடு 55 டிகிரி சூட்டில் 15 நாள் இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை கிளறி விட வேண்டும். இவ்வளவு பக்குவம் செய்யாத கசட்டை இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் உணவுப் பயிரை அறுக்க 14 மாதம் காத்திருக்க வேண்டும். கிழங்கு வகைகளுக்கு இன்னும் அதிகம். பொறுமையும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் இந்த முதல் வகைத் தீமை பெரிதல்ல.

இரண்டாவது வகை தொழிற்சாலையின் விஷம். ஈயம், காட்மியம், குரோமியம் முதலிய உலோகங்களைச் சூடு கொல்லாது, காலமும் கரைக்காது. இவற்றோடு இப்போது மற்றொரு கூட்டம் சேர்ந்திருக்கிறது. பிஃபாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரசாயனங்கள் அவை. எண்ணெய் ஒட்டாத வாணலி, மழை நனைக்காத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், குரோமிய முலாம் பூசும் பட்டறை, தீயணைக்கும் நுரை ஆகிய இத்தனையிலும் இவை பயன்பட்டிருக்கின்றன. இயற்கையில் எளிதில் சிதையாதவை. நீரோடு ஓடி, புல்லில் ஏறி, பாலில் இறங்குபவை. சுத்திகரிப்பு நிலையம் இவற்றை அழிப்பதில்லை. நீரில் ஒரு பங்கையும் கசட்டில் ஒரு பங்கையும் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறது.

இதன் பலனை அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாகாணத்தில் காணலாம். அங்கே காகித ஆலைக் கசடும் ஊர்க் கசடும் உரம் என்ற பெயரில் நிலங்களில் இடப்பட்டு வந்தன. செலவில்லாத உரம், சர்க்காரின் அனுமதியும் உண்டு, குடியானவன் வேண்டாமென்று ஏன் சொல்லுவான்? 2016-இல் ஆரண்டல் என்னும் ஊரில் ஒரு பால்பண்ணையின் தண்ணீரிலும், பிறகு பாலிலும் பிஃபாஸ் இருப்பது வெளிப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நடந்த பண்ணையின் பாலை வாங்குவாரில்லை. பின்னர் மாகாணமெங்கும் சோதித்துப் பார்த்ததில், ரசாயன உரத்தையே தொடாமல் காய்கறி பயிரிட்ட நிலங்களிலும் விஷம் தென்பட்டது. அந்த நிலங்களை இப்போது உழுகிறவர்கள் கசட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவர்களுக்கு முன்பு நிலத்தை வைத்திருந்தவர் காலத்தில் இட்டது அது. 2022-இல் மெயின் சட்டசபை, கசட்டை நிலத்தில் இடுவதையும் கசடு கலந்த எருவை விற்பதையும் அடியோடு தடுத்துவிட்டது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்காக 6 கோடி டாலர் நிதியும் ஒதுக்கிற்று. அமெரிக்க மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு மதிப்பீட்டில், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு ரசாயனங்கள் கசட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே, அதை இட்ட பண்ணையில் வாழ்ந்து அதன் விளைவை உண்பவர்களுக்கு ஆபத்து எல்லையை மீறக்கூடும் என்று கண்டிருக்கிறது.

தடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. மெயினில் தடை வந்த பிறகும் ஜனங்கள் மலங்கழிப்பதை நிறுத்தவில்லை. நிலத்துக்குப் போகாத கசடு குப்பைக் கிடங்குக்குப் போயிற்று. 2023-இல் கிடங்கு அந்தச் சேற்றைத் தாங்கமாட்டாமல் போகவே, அதிகச் செலவில் லாரியேற்றிக் கனடாவுக்கு அனுப்ப நேர்ந்தது. ஸ்விட்ஸர்லாந்து 2006 முதல் கசட்டை உரமாக இடுவதைத் தடுத்து, எரித்து வருகிறது. எரித்தால் தழைச்சத்து புகையாகப் போகும்; மணிச்சத்து சாம்பலில் எஞ்சும். அந்தச் சாம்பலிலிருந்து மணிச்சத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமென்று ஸ்விட்ஸர்லாந்தும் ஜெர்மனியும் விதி செய்திருக்கின்றன. பணமும் இயந்திரமும் மிகுந்த தேசங்களுக்கு அது வழியாகலாம். நமது நகராட்சிகள் அதைச் செய்யப் புகுந்தால், கசட்டை எரிப்பதற்கு முன் கஜானாவை எரிக்க வேண்டியிருக்கும்.

நாம் பின்பற்றத் தக்கது மிச்சிகன் மாகாணத்தார் செய்த காரியம். 2018-இல் அவர்கள் சுத்திகரிப்பு நிலையங்களைக் குறை கூறிக்கொண்டிராமல், எந்தத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து பிஃபாஸ் சாக்கடைக்குள் வருகிறது என்று வாசல் வாசலாகத் தேடினார்கள். பல இடங்களில் குற்றவாளி முலாம் பூசும் பட்டறையாக இருந்தது. பட்டறை வாசலிலேயே கரி வடிகட்டி வைக்கச் செய்தார்கள். சாக்கடையில் வந்த விஷம் வெகுவாகக் குறைந்தது. நாலு பட்டறைக்காரர் தம் வாசலில் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்ததனால், ஓர் ஊர் முழுவதன் எரு காப்பாற்றப்பட்டது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாயிற்று. சுத்திகரிக்கப்பட்டதோ 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் அப்படியே ஓடிற்று என்பது இதன் பொருள். இந்தக் குறை ஒரு வகையில் நமக்குக் கிடைத்த அவகாசம். இனிமேல்தான் நிலையங்கள் கட்டப் போகிறோம். ஆகையால் இனிமேலாவது முறையாகக் கட்டலாம்.

தொழிற்சாலைக் கழிவு மண்ணை என்ன செய்யும் என்று தமிழ்நாட்டாருக்கு வேறெவரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் அளித்த தீர்ப்பில் குறித்திருக்கிறது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயம் இந்தத் தேசத்தின் சட்டம் என்று உறுதிப்படுத்தியதும் அந்தத் தீர்ப்பே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்ட கதையையும் ஒரத்துப்பாளையம் அணையின் கதையையும் நாம் விரிக்க வேண்டியதில்லை. பாலாற்றுக்கும் நொய்யலுக்கும் நேர்ந்தது, கசடு என்ற வேஷத்தில் மற்ற வயல்களுக்கும் நேர வேண்டுமா என்பதே கேள்வி.

இங்கே ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். நமது சிறிய ஊர்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்கு. இதைப் பிற்போக்கு என்று வெட்கப்படுகிறோம். எருவின் கண்கொண்டு பார்த்தால் இது அதிர்ஷ்டம். வீட்டு டாங்கில் பட்டறைக் கழிவு சேருவதில்லை. அந்தக் கசட்டில் உள்ள தீமை பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது. வெயிலும் காலமும் சூடும் அதைத் தீர்க்கும். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் இத்தகைய மலக்கசட்டை மட்டும் சுத்திகரிக்க ஒரு நிலையம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. கர்நாடகத்தில் தேவனஹள்ளி 2015-லேயே வழி காட்டியிருந்தது. நிலையம் இல்லாத ஊர்களில் லாரிக்காரர் இரவோடிரவாக ஏரியிலோ ஓடையிலோ கசட்டைத் திறந்துவிடுகிறார் என்பது ஊரறிந்த ரகசியம். ஆயினும், பெரிய நகரங்கள் தம் சாக்கடைகளைத் திருத்தும் வரையில், நம்பி வயலில் இடத்தக்க எரு கருங்குழி போன்ற சிற்றூர்களிலிருந்துதான் வரும் என்று நாம் கருதுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? விலைக்கு விற்கும் நகரக் கம்போஸ்ட்டுக்கு, 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் அளவுகள் உண்டு. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100 என்பவை போன்ற எல்லைகள் அவை. பிஃபாஸ் என்ற பெயர் அந்த அட்டவணையில் இல்லை. அது இருக்கட்டும். விற்றால்தானே இந்த அளவுகள்? 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குவோன் சொன்ன காரியத்துக்குச் சரக்கு தகுதியாயிருக்க வேண்டுமென்று சில சந்தர்ப்பங்களில் விற்பவனைப் பொறுப்பாக்குகிறது. விலையின்றி விற்பனை இல்லை. நகராட்சி இலவசமாக ஒரு லோடு கசட்டைக் குடியானவன் வரப்பில் கொட்டிவிட்டுப் போனால், அவன் வாங்கியவனும் அல்லன். அவனுக்கு விற்றவரும் இல்லை. இலவசம் என்ற ஒரு சொல்லால் பொறுப்பு முழுவதும் ஆவியாகிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும். விலைக்குக் கொடுத்தாலும் சும்மா கொடுத்தாலும், லோடுக்கு லோடு சோதனைச் சீட்டு தமிழில் எழுதிக் குடியானவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். எந்தப் புலத்தில் எவ்வளவு இட்டது என்று கிராமக் கணக்கில் பதிய வேண்டும். மெயின் மாகாணத்தில் தமக்கு முன் இருந்தவர் இட்டதை அறியாமல் நிலம் வாங்கிக் கெட்டவர்களின் நிலைமை நம்மவர்க்கு வராதிருக்க இது ஒன்றே வழி.

மற்றொன்றும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எரு பொன்னாகட்டும், அதை எடுக்கக் குழியில் இறங்குவது யார்? மனித மலத்தை மனிதன் கையால் அள்ளுவதை 1993-இலும், பிறகு இன்னும் கண்டிப்பாக 2013-இலும் சட்டம் தடுத்தது. சாக்கடையில் இறங்கி மாண்டவர் குடும்பத்துக்கு 10 லக்ஷம் ரூபாய் என்றிருந்த நஷ்டஈட்டை, 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு 30 லக்ஷமாக உயர்த்திற்று. உயர்த்த வேண்டியிருந்தது என்பதே நமக்கு அவமானம். ஜாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாக இந்த வேலை சுமத்தப்பட்டவர்களை, 'இயற்கை உரம்' என்ற புதிய அழகான பெயரால் மறுபடியும் குழிக்குள் இறக்குவதற்கு எவரும் துணிய வேண்டாம். இயந்திரமும் உறையும் முறையான சம்பளமும் இல்லாத இடத்தில் எரு எடுக்கும் திட்டமே வேண்டாம் என்போம்.

நேயர்களில் பலர் நகரசபைகளிலும் பஞ்சாயத்துக்களிலும் அங்கம் வகிப்பவர்கள். அங்கத்தினரைக் கேள்வி கேட்கும் உரிமையுள்ள வரி செலுத்துவோர் எல்லோருமே. அடுத்த கூட்டத்தில் அவர்கள் தலைவரிடம் கேட்க வேண்டியவை இவை: நமது பாதாளச் சாக்கடையில் எத்தனை பட்டறைகளின் குழாய்கள் சேர்ந்திருக்கின்றன? அவற்றின் ஜாபிதா எங்கே? சாக்கடையில் விடுமுன் அவரவர் வாசலில் சுத்திகரிக்கிறார்களா என்று கடைசியாகச் சோதித்த தேதி என்ன? நிலையத்துக் கசடு சென்ற வருஷம் எந்தெந்தக் கிராமத்துக்குப் போயிற்று? அதை வாங்கியவரிடம் என்ன சீட்டுக் கொடுத்தீர்கள்? தலைவர் பதில் வைத்திருந்தால் அந்த ஊர்க் கசட்டைப் பற்றி மேலே பேசலாம். ஜாபிதாவே இல்லை என்றால், அது தயாராகும் வரையில் லாரியை வயல் பக்கம் திருப்பக்கூடாதென்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவர வேண்டும்.